ரீச்சர் பதில்கள்: நியூகாசில் அம்மம்மாவும் நிலாவெளி ஓட்டோவும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஆங்கிலப் பேச்சைப் பற்றியவை. இலக்கணக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: ரீச்சர், நான் உங்களிடம் படித்தவள், உப்புவெளி. இப்போது இங்கிலாந்தில் நியூகாசிலில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறேன். ஆங்கிலச் சோதனையில் 'கேட்டல்' பகுதிக்கு நல்ல புள்ளி எடுத்துத்தான் வந்தேன். ஆனால் இங்கே வயதானவர்கள் கதைப்பது எனக்குப் பிடிபடவில்லை. ஒரு அம்மம்மா 'நெற்றி, நெற்றி' என்றா. தலையிடியாக்கும் என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டா. பின்னேரம் 'கான் யெம், கான் யெம்' என்று அழுதா. நான் என்ன செய்ய?
- உப்புவெளி மகள், நியூகாசில்

பதில்: பிள்ளை, அந்த அம்மம்மா கழிவறைக்குப் போகவேணும் என்று கேட்டிருக்கிறா. நியூகாசில் பக்கத்துப் பழைய ஆட்கள் கழிவறையை 'நெற்றி' என்றுதான் சொல்லுவார்கள். யாழ்ப்பாணத்தார் எங்கள் நெற்றியைச் சொல்லும் அதே ஒலி. 'கான்' என்றால் போவது, 'யெம்' என்றால் வீடு. வீட்டுக்குப் போகப்போகிறேன் என்று அழுதிருக்கிறா. அதற்கு நீ செய்யக்கூடியது பக்கத்தில் இருந்து கையைப் பிடிப்பதுதான். ஆனால் விளங்கிக்கொண்டு பிடிக்கிற கைக்கும் விளங்காமல் பிடிக்கிற கைக்கும் வித்தியாசம் உண்டு.

சோதனையில் கேட்ட குரல்களை நினைத்து உன்னைக் குறைவாக எண்ணாதே. அவை எந்த நாட்டுக் குரலாக இருந்தாலும், தாளைப் பார்த்து நிதானமாக வாசிக்கிற குரல்கள். நீ இப்போது கேட்பது, அந்த ஊரைவிட்டு வெளியே அதிகம் போகாத, எண்பது வயது தாண்டியவர்களின் வீட்டுப் பேச்சு. நியூகாசில்காரரை 'ஜோர்டி' என்பார்கள்; அவர்கள் பேச்சுக்கும் அதே பெயர். லண்டன்காரரே அதைக் கேட்டுத் தடுமாறுவது உண்டு. அது மிகவும் பழைய பேச்சு. நோர்வேயிலும் டென்மார்க்கிலும் வீட்டுக்குப் போவதைச் சொல்லும்போது இன்றும் கிட்டத்தட்ட 'யெம்' என்றுதான் வரும். நியூகாசில்காரர் பிள்ளைகளை 'பேர்ன்' என்பார்கள். ஸ்கொட்லாந்திலும் அப்படித்தான், வடகடலுக்கு அந்தப்பக்கம் 'பார்ன்'. அந்த அம்மம்மாவின் வாயில் இருப்பது ஆயிரம் வருசத்துக்கு மேல் புழங்கிய சொல். கெட்டுப்போன ஆங்கிலம் என்று உன் மேற்பார்வையாளர் யாராவது சொன்னால் நம்பாதே.

அடுத்தது உயிரொலிகள். நகரத்தைச் சொல்லும் 'ரவுன்' அங்கே 'ரூன்', கீழே என்று சொல்லும் 'டவுன்' அங்கே 'டூன்'. நடப்பதைச் சொல்லும் 'வோக்' அவர்கள் வாயில் 'வாக்' ஆகும். வேலையைச் சொல்லும் 'வேர்க்' அவர்கள் வாயில் 'வோக்' ஆகும். அவர்களே சொல்லிச் சிரிக்கிற கதை ஒன்று உண்டு. காலில் அடிபட்ட ஒருவரிடம் வெளியூர் வைத்தியர், இனி நடப்பீரா என்று கேட்கிறார். 'வேலைக்கா? எனக்கு நடக்கவே ஏலாது!' என்கிறார் நோயாளி. நீ இருக்கிற தொழிலில் இது வேடிக்கைக் கதை மட்டுமல்ல. நடை, வேலை, வலி பற்றிக் கேட்கும்போது கையாலும் காட்டிக் கேள்.

உனக்கு உதவும் சொற்கள் சில சொல்கிறேன். 'லக்' காது. 'ஸ்பெல்க்' விரலில் ஏறிய சிலாம்பு. 'கன்னி' என்றால் நல்லது, அருமையானது. உன்னைப் பார்த்துச் சொன்னால் பாராட்டு. 'பெற்', 'ஹின்னி' இரண்டும் அன்பாகக் கூப்பிடுவது. தான் ஒருத்தியே இருந்தாலும் 'எனக்கு' என்பதற்கு 'எங்களுக்கு' என்ற சொல்லைப் போடுவார்கள், வேறு ஆளைத் தேடாதே. யோர்க்‌ஷயர் பக்கத்து முதியவர் யாரும் வந்து 'ஸ்ராவ்ட்' என்றால் பசி என்று மட்டும் எண்ணிவிடாதே. அந்தப் பக்கத்துப் பழைய வழக்கில் அது குளிரில் விறைப்பதைக் குறிக்கும், போர்வை கொண்டுபோ. ஸ்கொட்லாந்துக்காரர் 'ஒக்ஸ்ரர்' வலிக்கிறது என்றால் கமக்கட்டு.

சட்டைப் பையில் ஒரு சின்னக் கொப்பி வைத்துக்கொள். கேட்டதைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுது. ஆங்கில எழுத்தில் எழுதப் போனால் உனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிவிடுவாய். அந்த ஊர்ச் சமையல்காரரிடமோ துப்புரவு செய்கிற அக்காவிடமோ காட்டிக் கேள். பொருள் சொல்ல அவர்களுக்குச் சந்தோசமாக இருக்கும்.

கேள்வி: நிலாவெளியில் ஓட்டோ ஓட்டுகிறேன். வீட்டில் இரண்டு அறையை வெளிநாட்டுக்காரருக்கு விடுகிறோம். போன சீசனில் வந்த ஒரு இங்கிலாந்து அம்மா, காசு தரும்போதெல்லாம் 'தாங்ஸ், டக்' என்றா. டக் என்றால் வாத்துத்தானே ரீச்சர்? அவவின் கணவர் 'ரீ எத்தனை மணிக்கு' என்று கேட்டார். மனைவி நாலு மணிக்கே ரீயும் பிஸ்கற்றும் கொண்டுபோய் வைத்தா. இரவு பார்த்தால் இரண்டு பேரும் சாப்பாட்டுக்குக் காத்துக்கொண்டு இருக்கிறார்கள்.
- ஓட்டோக்காரத் தம்பி, நிலாவெளி

பதில்: தம்பி, அந்த அம்மா உங்களை மரியாதையாகவும் அன்பாகவும்தான் கூப்பிட்டிருக்கிறா. நொட்டிங்ஹாம், டார்பி, ஸ்ரோக் போன்ற இங்கிலாந்தின் நடுப்பகுதி ஊர்களில் கடைக்காரர், பஸ்காரர், அயலவர் எல்லாரையும் 'டக்' என்பார்கள். மீசை வைத்த ஆம்பிளைகள் ஒருவரையொருவர் அப்படிக் கூப்பிடுவார்கள். எங்கள் ஊரில் மீன் விற்கிற அம்மா உங்களை 'ராசா' என்று கூப்பிட்டால் அரசன் என்றா எடுக்கிறீர்கள்? நியூகாசில் என்றால் 'பெற்', கிளாஸ்கோவில் பெண்களை 'ஹென்'.

சாப்பாட்டு விசயத்தில் உங்கள் மனைவியில் பிழை இல்லை. வட இங்கிலாந்தின் பல வீடுகளில் மத்தியானச் சாப்பாடு 'டின்னர்', பின்னேரம் ஐந்து ஆறு மணிக்குச் சாப்பிடுகிற சாப்பாடு 'ரீ'. தெற்கே 'டின்னர்' இரவுக்கு வரும். ஆகவே சொல்லை விட்டுவிட்டு, குடிக்கவா சாப்பிடவா, சோறா இடியப்பமா, எத்தனை மணிக்கு என்று கேட்கச் சொல்லுங்கள். மணியிலும் கவனம். இங்கிலாந்துக்காரர் 'ஹாஃப் செவன்' என்றால் 7.30. ஜேர்மன்காரருக்குத் தன் மொழிக் கணக்கில் அது 6.30. புறாத்தீவுப் படகுக்கு ஆளேற்ற வரும்போது ஃபோனில் இலக்கமாக அடித்துக் காட்டுங்கள்.

எந்த ஊர் என்று கண்டுபிடிக்கிற ஆசை உங்களுக்கு இருக்கும் போலத் தெரிகிறது, அது நல்ல ஆசை. 'கப்', 'பஸ்' இரண்டையும் சொல்லவிட்டுக் கேளுங்கள். 'குப்', 'புஸ்' என்று வந்தால் வடக்கு அல்லது நடுப்பகுதி. குளிப்பதை 'பாத்' என்று நீட்டினால் தெற்கு, 'பத்' என்று வெட்டினால் வடக்கு. 'கார்' என்பதில் கடைசி ர் நன்றாகக் கேட்டால் ஸ்கொட்லாந்து, அயர்லாந்து, அல்லது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை. அமெரிக்கரும் ர் சொல்லுவார்கள், ஆனால் நாக்கை உள்ளே சுருட்டி. ஸ்கொட்லாந்துக்காரரின் ர் பல நேரம் எங்கள் ர் மாதிரித் தட்டி வரும். தண்ணீரைச் சொல்லும்போது நடுவில் ஒலி விழுந்து தொண்டை அடைத்தால் பெரும்பாலும் லண்டன் பக்கம், ஆனால் இப்போது இளையவர்களிடம் நாடெங்கும் இது பரவிவிட்டது.

இன்னொரு வழி பணிஸ். காலைச் சாப்பாட்டுக்குச் சின்ன வட்டப் பாணை வைத்து, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேளுங்கள். நொட்டிங்ஹாமில் 'கொப்', மன்செஸ்ரரில் 'பார்ம்', கொவன்ட்ரியில் 'பச்', ஷெஃபீல்டில் 'பிரெட் கேக்', நியூகாசிலில் பெரிய தட்டையானதென்றால் 'ஸ்ரொற்றி'. இரண்டு ஊர்க்காரர் ஒரே மேசையில் இருந்தால் வாக்குவாதம் தொடங்கிவிடும், நீங்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: திருகோணமலையில் பழைய வெளிநாட்டுச் சொற்கள் எல்லாம் இங்கிலீசுக்காரன் விட்டுப்போனவையா?
- 9ஆம் வகுப்பு மாணவி

பதில்: இல்லை மகள். நீ இருக்கிற கதிரை, திறக்கிற யன்னல், போடுகிற சப்பாத்து, தின்னுகிற பாண் எல்லாம் போர்த்துக்கேயர் தந்தவை. மேசை லாச்சியும், அலுவலகத்துக்கு உன் அப்பப்பா சொல்லுகிற கந்தோரும் ஒல்லாந்தர் தந்தவை. பிரித்தானியர் இங்கே கோட்டையை நிலையாகப் பிடித்தது 1795இல்தான். அதற்கு முன்பே வீட்டுச் சாமான்களுக்குப் பெயர் வைத்து முடிந்துவிட்டது.

கேள்வி: மகளுக்கு எட்டு வயது. ஆங்கில மொழிமூலம் படிக்கிறா. லண்டனிலிருந்து வந்த என் மச்சாள், பிள்ளையின் ஆங்கிலம் 'நாட்டுப்புறமாக' இருக்கிறது என்று சொல்லிவிட்டா. சரியான பிரிட்டிஷ் உச்சரிப்புப் பழக்குவதாக இணையத்தில் ஒரு வகுப்பு இருக்கிறது, கட்டணம் கொஞ்சம் கூட. சேர்க்கலாமா?
- ஒரு தகப்பன், உவர்மலை

பதில்: சேர்க்க வேண்டாம். அந்தக் காசுக்குக் கதைப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

காரணத்தை விரிவாகச் சொல்லவேணும், ஏனென்றால் இந்தக் கேள்வி என்னிடம் வராத மாதமே இல்லை. 'சரியான பிரிட்டிஷ் உச்சரிப்பு' என்று விற்கப்படுவது, வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிகளில் வளர்ந்த ஒரு பேச்சு. பழைய பிபிசி செய்திக் குரல் அது. பீற்றர் ட்ரட்கில் என்ற மொழியியலாளர் 1970களில் போட்ட மதிப்பீட்டின்படி, அதைப் பேசுவோர் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். மற்றவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் ஊர் ஒலியோடு வைத்தியராக, நீதவானாக, பேராசிரியராக இருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்த 1941இல் வில்ஃபிரட் பிக்கிள்ஸ் என்ற யோர்க்‌ஷயர்காரரை பிபிசி செய்தி வாசிக்க வைத்தது. இரவு வணக்கத்தைத் தன் ஊர் வழக்கப்படி 'குட் நீற்' என்று சொல்லி முடிப்பார். முறைப்பாடுகள் வந்தன, அந்தக் குரலில் செய்தியை நம்ப முடியவில்லை என்றுகூட. செய்தி ஒன்றுதான், ஒலி மாத்திரம்தான் வேறு. உங்கள் மச்சாள் சொன்னதும் இதே வகை.

என் அப்பா இங்கே கடற்படை டொக்யாட்டில் வேலை செய்தவர், 1957இல் பிரித்தானியர் தளத்தை ஒப்படைக்கும்வரை. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். அவருடைய ஆங்கிலம் முழுக்கக் காதால் வந்தது. அவருடைய ஃபோர்மன் லங்காஷயர்காரர். அதனால் அப்பா 'கப்' என்று சொல்லமாட்டார், 'குப்' என்பார். ஒன்றுமில்லை என்பதற்கு 'நௌட்', ஓம் என்பதற்கு 'ஐ'. அதைக் கேட்டுத் திருத்த வந்த படித்தவர்கள் பலர். பிறகு நான் ஆங்கில ஒலியியல் படித்தபோதுதான் எனக்குத் தெரியவந்தது: 'குப்' என்பதுதான் மூத்த ஒலி. பதினேழாம் நூற்றாண்டில் தென் இங்கிலாந்தில்தான் அது இரண்டாகப் பிரிந்து 'கப்' உண்டானது. வடக்கு பழையபடி வைத்துக்கொண்டது. 'பத்' என்ற குறிலும் அப்படியே, 'பாத்' பின்னால் வந்தது. கடைசி ர் லண்டன் பக்கத்தில் விழுந்து மறைந்ததும் பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டில்தான். அதாவது இன்று 'சரி' என்று விற்கிற ஒலிகள் பல, ஒரு காலத்தில் தலைநகரத்தின் புது நாகரிகம். தலைநகரத்தில் பணம் இருந்தது, அதிகாரம் இருந்தது. அதனால் அது சரியானது.

அப்படியென்றால் பிள்ளையைத் திருத்தவே வேண்டாமா என்று கேட்பீர்கள். திருத்தவேணும், ஆனால் விளங்குவதற்காகத் திருத்தவேணும். எங்கள் பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லின் ஒவ்வொரு அசையையும் சம பாரத்தில் வைப்பார்கள், தமிழ் அப்படித்தான் ஓடும். ஆங்கிலக் காது ஓங்கி ஒலிக்கிற அசையைப் பிடித்துத்தான் சொல்லைத் தேடும். 'வெ-ஜி-ரே-பிள்' என்று நாலாக உடைத்தால் கேட்பவருக்கு நேரம் எடுக்கும். 'வெஜ்' என்பதில் அழுத்தி மிச்சத்தை ஓடவிட்டால் நியூகாசிலிலும் விளங்கும், நியூயோர்க்கிலும் விளங்கும். சொல்லின் கடைசி மெய்யை விழுங்காமல் சொல்லப் பழக்குங்கள். 'ஸ்கூல்' முன்னால் 'இ' போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் வீட்டில் செய்யக்கூடியது. பிள்ளையின் குரலில் இருக்கிற திருகோணமலை அங்கேயே இருக்கட்டும். மச்சாள் திரும்ப வந்தால், அவவின் பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை பேர் பழைய பிபிசி மாதிரிக் கதைக்கிறார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து வந்த எங்கள் உறவினர் ஒருவர், மூதூர்ச் சந்தியில் 'ரயர் கடை' என்ற பலகையைப் பார்த்து, 'ராயர் கடையா?' என்று கேட்டார். நான் 'டொக்டர்', 'கோப்பி' என்று சொன்னதற்கும் சிரித்தார். எங்கள் எழுத்து பிழையா ரீச்சர்?
- உயர்தர மாணவன், மூதூர்

பதில்: மகன், பிழை இல்லை. இரண்டு ஊர்க் காதுகள் ஒரே ஆங்கில ஒலியைக் கேட்ட விதம் வேறு.

நாக்கை வைத்துப் பார்த்தால் விளங்கும். த சொல்லும்போது நாக்கு நுனி பல்லில் படும். ட சொல்லும்போது நாக்கு வளைந்து அண்ணத்தில் படும். ஆங்கிலத்தின் 'ரயர்', 'ரிக்கெற்' முதலெழுத்துக்கு நாக்கு இந்த இரண்டு இடத்துக்கும் போகாது. பல்லுக்குச் சற்று மேலே இருக்கிற மேட்டில் படும். தமிழுக்கு அந்த இடம் புதிதல்ல. காற்று, வெற்றிலை, நெற்றி என்பவற்றின் ற்ற அங்கேதான் பிறந்தது. தமிழ்நாட்டுப் பேச்சில் அது பெரும்பாலும் காத்து, வெத்தல என்று மாறிவிட்டது. யாழ்ப்பாணப் பேச்சில் அந்த ஒலி இன்றும் உயிரோடு இருக்கிறது. எங்கள் திருகோணமலையில் குடும்பத்துக்குக் குடும்பம் இரண்டும் கேட்கும். ஆகவே ஆங்கிலச் சொல் வந்தபோது, அந்த ஒலியை வைத்திருந்த காது அதை அங்கேயே கொண்டுபோய் வைத்தது. சொல்லின் கடைசியில் என்றால் ற் போட்டு 'பிஸ்கற்' என்று எழுதலாம். சொல்லின் தொடக்கத்தில் எழுத எழுத்து இல்லை. அதனால் ர போட்டு, ரயர், ரொபி, ரீச்சர் என்று எழுதி, வாயில் சரியாகச் சொன்னார்கள். தமிழ்நாட்டுக் காது தன்னிடம் இருந்த ட-வில் கொண்டுபோய் வைத்து 'டயர்', 'டீச்சர்' என்றது. இலங்கை எழுத்தை அறியாதவர் ர-வை ர-வாகவே வாசிப்பார், அது அவர் குற்றமும் இல்லை.

'டொக்டர்' விசயமும் இதே. அந்த ஆங்கில உயிர் எங்கள் ஒ-வுக்கும் ஆ-வுக்கும் நடுவில் நிற்கிறது, இங்கிலாந்துக்காரர் உதட்டைக் குவித்துச் சொல்லுவார்கள். நாங்கள் உதட்டைக் கேட்டு 'டொக்டர்', 'கோப்பி', 'கொலிஜ்' என்றோம். சென்னையில் திறந்த வாயைக் கேட்டு 'டாக்டர்', 'காபி', 'காலேஜ்' என்றார்கள். அமெரிக்கர் அந்த உயிரை ஆ-வுக்குக் கிட்டத்தான் சொல்லுவார்கள். உறவினரோடு சண்டை பிடிக்காதே. இரண்டு பேரும் கண்ணாடி முன்னால் நின்று அந்தச் சொற்களைச் சொல்லி உதட்டைப் பாருங்கள். பரீட்சைத் தாளில் மட்டும் ஒரு முறையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதையே எழுது.

கேள்வி: திருகோணமலை வளாகத்தில் படிக்கிறேன். ஆங்கிலேயர் தங்கள் வட்டாரச் சொற்களை எப்படிச் சேகரித்தார்கள்? இங்கே நாங்களும் செய்யலாமா?
- வளாக மாணவி

பதில்: செய்யலாம், செய்யவேணும். இரண்டு பேரைப் பற்றி அறிந்துகொள். ஜோசப் ரைற் 1855இல் யோர்க்‌ஷயரில் பிறந்தவர். ஆறு வயதில் கழுதை வண்டி ஓட்டி, பிறகு ஆலையில் வேலை செய்த ஏழைப் பிள்ளை. வாசிக்கப் பழகியதே பதினைந்து வயதளவில். 1901இல் ஒக்ஸ்போர்ட்டில் பேராசிரியர் ஆனார். 1898 தொடக்கம் 1905 வரை ஆறு பெரிய தொகுதிகளாக ஆங்கில வட்டார வழக்கு அகராதியை வெளியிட்டார். ஆலையில் கேட்ட தன் தாய்ப்பேச்சை அவர் பேராசிரியரான பிறகும் கைவிடவில்லை. இவரை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறையும்.

மற்றவர் லீட்ஸ் பல்கலைக்கழகத்து ஹரல்ட் ஓர்ட்டன். அவரும் அவருடைய ஆட்களும் 1950 முதல் 1961 வரை இங்கிலாந்தில் 313 இடங்களுக்குப் போனார்கள். பெரும்பாலும் கிராமங்கள். கையில் 1,300க்கு மேற்பட்ட கேள்விகள். அங்கேயே பிறந்து வளர்ந்த வயதானவர்களைத் தேடினார்கள், அடுத்த தலைமுறைக்குள் அந்தச் சொற்கள் போய்விடும் என்று தெரிந்ததால். அவர்களுடைய முறையில் நீ எடுக்கவேண்டியது ஒன்று: சொல்லைத் தாங்கள் முதலில் சொல்லமாட்டார்கள். பொருளைக் காட்டுவார்கள், அல்லது விவரிப்பார்கள். பெயர் அடுத்தவர் வாயிலிருந்து வரவேணும்.

நீ கரைவலை இழுக்கிற இடத்திலிருந்து தொடங்கு. வலையின் ஒவ்வொரு பகுதியையும் தொட்டுக் காட்டி, இதற்கு என்ன பெயர் என்று கேள். மேற்கேயிருந்து அடிக்கிற வெக்கைக் காற்றை விவரித்துக் கேள், கச்சான் என்று வருகிறதா பார். ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்குவதைச் சொல்லும்போது ஒருவர் 'பேந்து' என்பார், ஒருவர் 'மறுகா' என்பார். எந்தத் தெருவில் எது என்று குறித்து வை. கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம் வீடுகளில் உறவுப் பெயர்களைத் தனியாக எழுது. ஆம்பிளைகளிடம் மட்டும் கேட்டுவிட்டு வராதே. ஓர்ட்டனின் ஆட்கள் பெரும்பாலும் ஆண்களிடம்தான் கேட்டார்கள், அதனால் பெண்கள் மட்டும் அறிந்த சொற்கள் பல அந்தக் கேள்விகளுக்கு வெளியே நின்றிருக்கும். அடுப்படிக்குப் போ, கருவாடு காயப்போடுகிற முற்றத்துக்குப் போ. ஃபோனில் ஒலிப்பதிவு செய்ய முதல் அவர்களிடம் அனுமதி கேள், யார் பெயரையும் போடாதே, ஊரும் வயதும் போதும். முதல் பதிவு முடிந்ததும் என்னிடம் கொண்டுவா, இருவரும் இருந்து கேட்டு எழுதுவோம்.